நான் வண்டியிலிருந்து விழவில்லை

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். நான், என் கணவர், மாமியார், நாத்தனார். வயிறு ஒருத்திக்குத்தான் என்றாலும் எங்கள் வீட்டில் எதற்கும் கூட்டமாகத்தான் போவார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என ஸ்கேன் சென்டர் சுவரில் பெரிய பலகை இருந்தது. அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டு மாமியார் மகளிடம் சொன்னார்:

"சொல்லாட்டி என்னளா? டாக்டர் வெளிய வரும்போது முகத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் வேலை. கப்பலில் ஏறும் சரக்குக்கு ஆவணங்கள் தயார் செய்வேன். என் கணவருக்கு பஜாரில் வலையும் கயிறும் மிதவையும் விற்கிற கடை. மாமனார் இறந்த பிறகு கடையை அவர் பார்த்துக்கொண்டார், வீட்டையும் அவரையும் மாமியார் பார்த்துக்கொண்டார். நான் வேலைக்குப் போவது மாமியாருக்குப் பிடிக்காது. அதிலும் நான் ஸ்கூட்டியில் போவது சுத்தமாகப் பிடிக்காது.

ஸ்கேன் டாக்டர் இளவயதுக்காரர். கருவியை என் வயிற்றில் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் அழுத்திப் பார்த்தார். பிறகு கருவியை வைத்துவிட்டு உதவிக்கு நின்ற பெண்ணிடம் கேட்டார்:

"இவங்க ஹஸ்பெண்ட் வந்திருக்காரா?"

கதவை முழுதாகச் சாத்தவில்லை. வயிறு முழுக்க ஜெல்லோடு படுத்தபடியே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று, கயிறு விற்கும் ஒருவரிடம் பக்கத்து அறையில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கிட்னியும் தெரியல சார். குழந்தையச் சுத்தி தண்ணியே இல்ல. உங்க டாக்டரப் பாருங்க. வைஃப்கிட்ட இப்ப சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க."

தாங்க மாட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. அந்த அரைமணி நேரமும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, பக்கத்தில் இருந்த காகிதத்தை எடுத்து வயிற்றைத் துடைத்துக்கொண்டேன். கை ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

காரில் ஏறியதும் என் கணவர், "ஒண்ணுமில்ல, தண்ணி கொஞ்சம் கம்மியாம். நெறைய குடிக்கணுமாம்" என்றார்.

"ரெண்டு கிட்னியும் இல்லன்னுல்லா சொன்னாரு" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டுட்டியா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி. சொல்ல வேண்டிய வேலை அவருக்கு மிச்சமாகிவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவரைப் பற்றி நான் முழுதாகத் தெரிந்துகொண்டது அந்த ஒரு சொல்லில்தான்.

எங்கள் டாக்டரம்மா திருநெல்வேலிக்கு அனுப்பி இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அங்கும் அதேதான். திரும்பி வந்ததும் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். குழந்தையின் சிறுநீர்தான் பனிக்குடத்தில் தண்ணீராக இருக்கும், சிறுநீரகம் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாமல் நுரையீரல் வளராது என்று ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார்.

"உங்களுக்குள்ள இருக்கற வரைக்கும் உயிரோட இருக்கும்மா. வெளிய வந்தா மூச்சு விட முடியாது. ஆபரேஷன், மருந்து எதுவும் இதுக்குக் கிடையாது. இப்பவே முடிச்சுக்கலாம், ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போடணும். இல்ல, மாசம் நிறையுற வரைக்கும் சுமக்கணும்னாலும் சுமக்கலாம். ரெண்டுல எது சொன்னாலும் நான் பாத்துக்கறேன். உங்க முடிவு."

உங்க முடிவு என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவர்தான்.

வீட்டில் முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை. காரணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். மாமியார் கேட்ட முதல் கேள்வி, "இது யாரு வழியில வந்தது?" என்பது. எங்கள் வழியில் அப்படி யாரும் கிடையாது என்று அதற்கு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பிறகு கிரகணம் வந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு சூரிய கிரகணத்தன்று நான் ஆபீசுக்குப் போயிருந்தேன்.

"அன்னைக்கு அங்கன கத்தரிக்கோல் எடுத்தியா? உள்ளதச் சொல்லு."

"எடுத்திருப்பேன் அத்தை. ஆபீஸ்ல எதையாவது வெட்டிக்கிட்டுத்தான இருப்போம்."

"பாத்தியா" என்றார் மகனிடம். கொலைகாரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகம். ஒரு கத்தரிக்கோலால் இரண்டு சிறுநீரகங்களை எடுத்துவிட முடியுமா என்று, பி.காம். படித்த என் கணவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஏரலில் இருந்து என் அம்மா போன் செய்தாள். அழுதாள். அழுது முடித்துவிட்டு, "பக்கத்து வீட்டுல யாருட்டயும் சொல்லிராத, என்ன" என்றாள். பெற்ற தாய்க்கும் பக்கத்து வீடுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசாமல் இருந்தேன். குழந்தை எப்போதாவது அசையும். அதுவரை அதை நான் காற்று என்று நினைத்திருந்தேன். இப்போது என்னவென்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை அசையும்போதும், உனக்கு இடமில்லை, எனக்குத் தெரியும் என்று மனதுக்குள் சொல்வேன். மூன்றாம் நாள் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, முடித்துக்கொள்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேரச் சொன்னார்.

அதை வீட்டில் சொன்னபோதுதான் மாமியார் பதறிப் போனார். குழந்தைக்காக இல்லை.

"வெள்ளிக்கிழமையா? ஞாயித்துக்கிழமை ஸ்ரீவைகுண்டத்துல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாராவள்லா!"

நாத்தனாருக்கு வரன் பார்த்திருந்தார்கள். பையன் வீட்டாருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் பெரிய மளிகைக் கடை. வீட்டு மருமகள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஊனப்பிள்ளை என்று தெரிந்தால் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கையே போய்விடும். இதையெல்லாம் மாமியார் என்னிடம் சொல்லவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்க, மகனிடம் சொன்னார்.

"திங்கக்கெழம போவட்டும். மூணு நாள்ல என்ன ஆயிரப் போவுது?" என்றார் என் கணவர்.

அந்த மூன்று நாளும் வயிற்றில் குழந்தை அசைந்துகொண்டிருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், ஞாயிறு வரை அசையட்டும் என்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாம்பழ நிறப் பட்டு எடுத்து வைத்திருந்தார்கள். தலை நிறையப் பூ. வாசலில் நின்று வரவேற்கவும், கேசரியும் காபியும் எடுத்துவரவும் என்னைத்தான் விட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள். நல்ல குடும்பம், மருமகள் முழுகாமல் இருக்கிறாள், வீடு விளங்கும். மாமியார் போட்ட கணக்கு அது.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு, கனத்த சங்கிலி. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வயிற்றில் கையை வைத்தார்.

"எத்தன மாசம்மா?"

"அஞ்சு."

"வயிறு கூரா இருக்கு. பையன்தான், பாரு."

"எல்லாம் உங்க வாய்முகூர்த்தம்" என்றார் என் மாமியார், கண் கலங்கி. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அந்தக் கை என் வயிற்றில் இருக்கும்போதே, பல் தெரியச் சிரித்தேன். யாரும் என்னை அடித்து மிரட்டவில்லை. தட்டைப் போட்டு உடைத்திருக்கலாம். காபி வேண்டுமானால் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். எதையும் செய்யாமல், தலையைக் குனிந்து, வெட்கப்படுவது போல வேறு காட்டினேன். இந்தக் கதையில் வருகிற எல்லோரையும்விட நான் கேவலமாக நினைப்பது அந்த மாம்பழ நிறப் பட்டுக்காரியைத்தான்.

அவர்கள் போன பிறகு நாத்தனார் அடுக்களைக்கு வந்து நின்றாள். "தேங்க்ஸ் மைனி" என்றாள். அவளுக்கு இருபத்திமூன்று வயது, கெட்டவள் இல்லை. இருந்தாலும், எதற்கு நன்றி சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாத்திரை தந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்தது. பிரசவ வலிதான் அது. சின்னக் குழந்தை என்பதால் சின்ன வலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து அறையில் ஒரு குழந்தை பிறந்து அழுவது கேட்டது. அங்கே மிட்டாய் கொடுத்தார்கள். விஷயம் தெரியாத ஆயா ஒருத்தி எங்கள் அறைக்கும் இரண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நர்ஸ் என்னிடம் குனிந்து கேட்டாள்: "பாக்கணுமாம்மா?"

"வேண்டாம், வேண்டாம். பாத்தா மறக்காது" என்றார் மாமியார்.

"நான் அவங்களக் கேட்டேன்" என்றாள் நர்ஸ், தலையைத் திருப்பாமல்.

பார்த்தேன். வெள்ளைத் துணியில் சுற்றி என் நெஞ்சில் வைத்தாள். என் ஒரு கையில் அடங்கியது. மூக்கு மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது. விரல்களில் நகம் இருந்தது. பெண் குழந்தை. ஊனம் என்று எல்லோரும் பயந்த ஒன்றை எங்கே என்று தேடினேன். வெளியே எதுவும் தெரியவில்லை. நர்ஸ் நேரம் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

பிறகு என் கணவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "நல்ல எடத்துல அடக்கம் பண்ணியாச்சு. நீ கவலப்படாத" என்றார். எந்த இடம் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள், ஏரலில் அம்மா வீட்டில், எனக்குப் பால் சுரந்தது. இரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது. முதலில் என்ன என்றே புரியவில்லை. புரிந்தபோது கத்தினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் சத்து மாத்திரை இருந்தது, எப்போது திரும்ப வரவேண்டும் என்று இருந்தது. இது இல்லை. டாக்டரம்மாகூடச் சொல்லவில்லை. அம்மா பூக்கடையில் மல்லிகை வாங்கி வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள், பால் வற்றுவதற்கு.

"ஒனக்கு இது வரும்னு தெரியுமாம்மா?"

"தெரியும். சொன்னா பயந்துருவியேன்னு சொல்லல."

நான் பயந்துவிடக் கூடாது என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் நானாகப் போய் விழுந்து, நானாகத் தெரிந்துகொண்டேன். கட்டின பூ வாடி, பாலும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாடை வரும். அதற்குப் பிறகு நான் மல்லிகை வைத்துக்கொள்வதில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மக்ரூன் இனிப்பு டப்பாவோடு வந்தார்கள். "சின்ன வயசுதான, அடுத்தது பெத்துக்கலாம்" என்றார்கள். "பொறந்து போறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்கள். ஒருத்திகூட, எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நகம் இருந்தது என்று சொல்லியிருப்பேன். என் ஆபீஸ் மேனேஜர் போன் செய்து, இதை மெட்டர்னிட்டி லீவில் போடுவதா, சிக் லீவில் போடுவதா என்று கேட்டார். இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டத்தில் ஆறு வாரம் லீவு உண்டு என்று நானே தேடி, அந்தப் பக்கத்தை அனுப்பி வைத்தேன். "ஓ, அப்படியெல்லாம் இருக்கா" என்று பதில் வந்தது.

நான்கு மாதம் கழித்து நாத்தனாருக்குக் கல்யாணம், ஸ்ரீவைகுண்டத்தில். மத்தியானப் பந்தியில் எனக்கு அடுத்த இலையில் மாப்பிள்ளையின் சித்தி உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றும்வரை பொறுத்திருந்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"நீதான அவங்க மருமவ? ஸ்கூட்டியில இருந்து விழுந்துட்டியாம்லா? வயித்துப்பிள்ளக்காரி வண்டி ஓட்டலாமாம்மா? ஒங்க அத்த சொல்லிச் சொல்லி அழுதாவ. பஸ்ஸுல போன்னு எவ்வளவோ சொன்னாவளாமே."

கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த நான்கு மாதமும் சொந்தக்காரப் பெண்கள் என்னிடம் ஏன் வண்டியைப் பற்றியே பேசினார்கள், என் கணவர் ஏன் அதை விற்கச் சொன்னார் என்று. ரத்தத்தில் குறை என்றால் மகள் கல்யாணம் நின்றுவிடும். மருமகள் திமிர்பிடித்து வண்டி ஓட்டிப் பிள்ளையைக் கொன்றாள் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. என் கணவருக்கு இது தெரிந்திருக்கிறது.

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"நான் வண்டியில இருந்து விழல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. எதிர் வரிசையில் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. ஸ்கேன்ல தெரிஞ்சது. நான்தான் முடிச்சுக்கிடுதேன்னு சொன்னேன். நீங்கல்லாம் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

இப்போது என்ன நடக்கும் என்று காத்திருந்தேன். கல்யாணம் நிற்கும், மாமியார் மயங்கி விழுவார், என்னை முடியைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

சித்தி அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். "கிட்னியா? அடப்பாவமே. எங்க அக்காவுக்கே, மாப்பிள்ளையோட அம்மாவுக்கு, மூத்தது அப்படித்தான். தலயே சரியா உருவாவல. அப்ப ஏது ஸ்கேன்? பத்து மாசமும் சொமந்து பெத்தா. அர நாழிதான் இருந்துச்சு" என்றார். பிறகு பரிமாறுகிறவரை நிறுத்தி, "அண்ணாச்சி, இங்கன ரசம் வரல" என்றார்.

அவ்வளவுதான். இதற்காகத்தான் என் குழந்தையை மூன்று நாள் கூடுதலாக வயிற்றில் வைத்துக் காபி கொடுக்க விட்டார்கள்.

கை கழுவும் இடத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்துவிட்டார். அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முகம் வெளிறியிருந்தது. அன்று என் வயிற்றில் வைத்த அதே கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவ ஒளறுதா. அத நீ யாருட்டயும் சொல்லிராத, தாயி. எங்க வீட்டு ஆம்பளையளுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது."

"தெரிஞ்சா என்ன?" என்று கேட்டேன்.

என் கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, வாசலில் வந்தவர்களைக் கும்பிடப் போய்விட்டார். முப்பது வருடமாக அந்த அரை நாழியை மறைத்துக்கொண்டு நடமாடுகிற பெண். அவருக்காகப் பரிதாபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். முயன்றும் பார்த்தேன். வரவில்லை.

ஊர் திரும்பும்போது காரில் மாமியார் அழுதுகொண்டே வந்தார். "கல்யாண வீட்டுல வச்சு மானத்த வாங்கிட்டா."

"அத்தை, இனிமே யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். நீங்க வேற கத சொல்லியிருந்தா நீங்களே போய் மாத்திக்கிடுங்க" என்றேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டார். கல்யாணமானதிலிருந்து நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை.

பிறகு கணவரிடம் கேட்டேன். "எங்க அடக்கம் பண்ணுனீங்க?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் கியரை மாற்றினார். மறுபடியும் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கிடுவோம்னாங்க. ஒரு கையெழுத்துதான் கேட்டாங்க. எனக்கு… அதக் கையில வாங்கத் தெரியலளா."

காரை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். மாமியார் பின்னால் இருந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உப்பளத்து வெயிலில் கண் கூசியது. அவர் அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவருக்கும் அது குழந்தைதான், அவருக்கும் வலிக்கும் என்று பிற்பாடு என் அம்மா சொன்னாள். வலித்திருக்கும். அந்த நாள் வரை ஒரு முறைகூட என் எதிரில் வைத்து அவருக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அவரை விட்டுப் போய்விடவில்லை. போயிருந்தால் இது நல்ல கதையாக இருந்திருக்கும். ஆபீசுக்குப் பக்கமாக ஒரு வாடகை வீடு பார்த்து, வருகிறீர்களா என்று கேட்டேன். வந்தார். ஸ்கூட்டியை விற்கவில்லை. தினமும் அதில்தான் போகிறேன். நாத்தனார் நன்றாக இருக்கிறாள்.

அடுத்த வருடம் மறுபடியும் உண்டானேன். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நான் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வேறு சென்டர், வேறு டாக்டர்.

"வெளிய யாரும் இல்ல. எதுன்னாலும் என்னட்டயே சொல்லுங்க" என்றேன் படுத்தவுடன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "இது ஒரு கிட்னி. இது இன்னொண்ணு."

"இன்னொரு தடவ காட்டுங்க."

காட்டினார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் காட்டினார். மூன்றாம் முறை கேட்டபோது அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு, எத்தன தடவ பாப்பீங்க?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நாலாம் முறையும் காட்டிவிட்டுத்தான் விட்டார்.

வெளியே வந்து உட்காருவதற்குள் மாமியார் போன் செய்துவிட்டார்.

"என்னளா சொன்னாவ? எல்லாம் நல்லாருக்கா?"

"ரிப்போர்ட் வரட்டும் அத்தை" என்றேன். ரிப்போர்ட் என் மடியில்தான் இருந்தது.

கணவரிடமும் அதையே சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் இருவரிடமும் சொன்னேன். அந்த இரண்டு நாளும் மாமியார் சாப்பிடவில்லையாம், சாமி அறையிலேயே உட்கார்ந்திருந்தாராம். நான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.